குளோரோஅசெட்டைல் குளோரைடு: மற்ற அமிலக் குளோரைடுகளிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

கிலோலேப்_புதுசு கேட்டது:

வணக்கம். இதுவரை கிராம் கணக்கில் வேலை பார்த்தவனைக் கிலோ லேபுக்கு மாற்றியிருக்கிறார்கள். முதல் வேலையே லிடோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) தயாரிக்கிற வரிசை. 2,6-டைமெத்தில்அனிலினையும் குளோரோஅசெட்டைல் குளோரைடையும் சேர்த்து அமைடு எடுக்கிற படி என்னுடையது. வினையில் எனக்குச் சந்தேகம் இல்லை. சரக்கைக் கையாள்வதில்தான் இருக்கிறது.

எஸ்.டி.எஸ். (சரக்கோடு வரும் பாதுகாப்புத் தகவல் தாள்) படித்துவிட்டேன். அரிக்கும், நச்சு, தண்ணீரோடு வினைபுரியும் என்று எல்லா அமிலக் குளோரைடுக்கும் போடுகிற அதே வரிகள்தான். அசெட்டைல் குளோரைடும் தயோனைல் குளோரைடும் எனக்குப் பழக்கம். அவற்றுக்குச் செய்ததையே இதற்கும் செய்தால் போதுமா?

எங்களிடம் இருப்பது மெல்லிய நீல நைட்ரைல் கிளவுஸ், அமில வாயு கேட்ரிட்ஜ் போட்ட அரை முகமூடி. வேலை முடிந்ததும் கேனில் ஒட்டியிருக்கும் மிச்சத்தில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுவது இங்கே வழக்கம் என்கிறார்கள். ஷிஃப்டில் ஒரு அண்ணன், "கால்சியம் குளுகோனேட் ஜெல் பக்கத்தில் இருந்தால் பயமே இல்லை" என்று சொன்னார். இதில் எது சரி, எது தப்பு?

---

பழைய_ரியாக்டர் எழுதியது:

தம்பி, நல்ல வேளை, வேலையைத் தொடங்கும் முன் கேட்டீர்கள். அசெட்டைல் குளோரைடு பழகிய கைதான் இதனிடம் ஏமாறும்.

அசெட்டைல் குளோரைடு 51 டிகிரியில் கொதிக்கிற சரக்கு. மூடியைத் திறந்தால் புகையும், தண்ணீர் பட்டால் உடனே சீறும். தன் குணத்தை மறைக்கத் தெரியாது. குளோரோஅசெட்டைல் குளோரைடு 106 டிகிரியில்தான் கொதிக்கும், குளிர்ந்த தண்ணீரோடு மெதுவாகத்தான் வினைபுரியும். பார்த்தால் சாது. ஆனால் தண்ணீர் பட்டுச் சிதைந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். அங்கே மிஞ்சுவது அசெட்டிக் அமிலம், வினிகரில் இருப்பது. இங்கே மிஞ்சுவது மோனோகுளோரோஅசெட்டிக் அமிலம். அது தோலைச் சுடுவதோடு நிற்காது. தோல் வழியாக உள்ளே போய், செல்கள் சக்தி எடுக்கிற சுழற்சியையே தடுக்கும். இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் அடிபடும். அதனால்தான் இதை வெறும் அரிக்கும் திரவமாக நினைக்காதே என்று புதிதாக வருகிற எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். போக்குவரத்து வகைப்பாட்டிலும் பாருங்கள்: யு.என். 1752, முதல் வகை 6.1, அதாவது நச்சு. அரிப்பு அதற்குத் துணை வகையாகத்தான் வருகிறது.

அடுத்து ஆவி. 20 டிகிரியில் இதன் ஆவியழுத்தம் சுமார் 19 மி.மீ. பாதரசம். மூடிய ட்ரம்முக்குள் திரவத்துக்கு மேலே நிற்கிற காற்றில் இது ஏறக்குறைய 25,000 பி.பி.எம். (பத்து லட்சத்தில் அத்தனை பங்கு) இருக்கும் என்று அர்த்தம். அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு வேலையிடத்துக்குப் பரிந்துரைக்கும் வரம்பு 0.05 பி.பி.எம். நடுவில் ஐந்து லட்சம் மடங்கு. இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், அப்புறம் திறந்த வாயுள்ள பீக்கரில் ஊற்ற மனசு வராது. கண் எரிந்து தண்ணீர் வருகிறது என்றால் வரம்பை எப்போதோ தாண்டியாகிவிட்டது. ஆவி காற்றைவிட நாலு மடங்கு கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து பள்ளத்தில் தேங்கும்.

கிளவுஸ் விஷயம். அந்த மெல்லிய நீல நைட்ரைல் இதற்கு ஆகாது. இரண்டு அடுக்கு போட்டால் ஆகாத பொருள் இரண்டு அடுக்கு, அவ்வளவுதான். உள்ளே பல அடுக்கு லேமினேட் கிளவுஸ், அதற்கு மேலே கனமான பியூட்டைல் ரப்பர். அதையும் நான் சொன்னேன் என்று வாங்காதீர்கள். தயாரிப்பாளரின் அட்டவணையில் இந்தச் சேர்மத்தின் பெயருக்கு நேரே எத்தனை நிமிடம் தாங்கும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

அரை முகமூடி கண்ணை மறைக்காது, கண்தான் முதலில் அடிவாங்கும். முழு முகமூடி வேண்டும். அதுவும் இரண்டாவது அரண்தான். முதல் அரண் சரக்கைக் காற்றுக்குக் காட்டாமலே மாற்றுவது: ட்ரம்மில் அடிவரை இறங்கும் டிப் பைப், லேசான நைட்ரஜன் அழுத்தம், பி.டி.எஃப்.இ. (டெஃப்லான்) ஹோஸ், நேரே கண்ணாடிப் பூச்சுள்ள பாத்திரத்துக்கு. ஈரம் சேர்ந்தால் ஹைட்ரஜன் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக் குழி குழியாகத் தின்னும், அதனால் கைக்குக் கிடைத்த வால்வை மாட்டாதீர்கள். ஈரம் புகுந்த பழைய ட்ரம் உள்ளே அழுத்தத்தோடு இருக்கும். ஆவியை இழுக்கும் உறிஞ்சு குழாயைப் பக்கத்தில் வைத்து, முகத்தை விலக்கி, மூடியைக் கொஞ்சம் தளர்த்திக் காத்திருங்கள்.

கேனில் தண்ணீர் ஊற்றிக் குலுக்குவதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கிலோ சரக்கு முழுதாகச் சிதைந்தால் அறை வெப்பத்தில் 200 லிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். அடர்த்தி 1.42, ஆகவே கலக்காவிட்டால் தண்ணீருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். குளிரில் சும்மா இருப்பது போலத் தெரியும். கேன் சூடாகச் சூடாக வேகம் பிடிக்கும். நீங்கள் மூடியைப் போட்டுக் குலுக்குகிற நேரமும் அதுவாக இருக்கலாம். சரியான திசை எதிர்த் திசை: நன்றாகச் சுழல்கிற, குளிர்ந்த, நீர்த்த காரக் கரைசலுக்குள் மிச்சத்தைச் சொட்டுச் சொட்டாக விடுவது, ஹூடுக்குள், வாயு அதைக் கழுவிப் பிடிக்கும் ஸ்க்ரப்பருக்குப் போகும்படி. வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே விடுங்கள். விட்டும் சூடு ஏறவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள், வினைபுரியாமல் அடியில் சேர்கிறது என்று பொருள்.

---

ஷிஃப்ட்_பி எழுதியது:

அண்ணன் கொஞ்சம் அதிகமாகவே பயமுறுத்துகிறார். நாங்கள் வருஷக்கணக்காக அரை முகமூடியும் கண்ணாடியும் போட்டுத்தான் எடுக்கிறோம். யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

---

பழைய_ரியாக்டர் எழுதியது:

ஆனதில்லை என்றால் உங்கள் உறிஞ்சு குழாய் நன்றாக வேலை செய்கிறது, சந்தோஷம். அந்த ஃபேன் நிற்கிற ஒரு நாளுக்குத்தான் முழு முகமூடி. ட்ரம் கவிழ்ந்தால் கேட்ரிட்ஜ் எதையும் நம்பக்கூடாது. அப்போது சிலிண்டர் காற்றோடு பயிற்சி பெற்றவர்கள் மட்டும் உள்ளே போகணும், மற்றவர்கள் காற்றுக்கு எதிர்த் திசையில் வெளியே வரணும். சிந்தியதன் மேல் உலர்ந்த மணல் அல்லது வெர்மிகுலைட். ஹோஸ் பைப்பைத் திருப்புகிற ஆளை முதலில் பிடித்து நிறுத்துங்கள். அள்ளியதை இறுக்கி மூடவும் கூடாது, வாயு கிளம்பி டப்பா உப்பும்.

---

முதலுதவி_அறை எழுதியது:

தொழிற்சாலை மருத்துவ அறையில் செவிலியராக இருக்கிறேன். அந்த ஜெல் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

கால்சியம் குளுகோனேட் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு உரியது. அங்கே ஃபுளோரைடு உடம்பின் கால்சியத்தைப் பிடிக்கிறது, ஜெல் அதை ஈடுகட்டுகிறது. இங்கே ஃபுளோரைடே கிடையாது. ஜெல்லைத் தேடுகிற நேரத்தில் தோல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

மேலே பட்டால் உடனே ஷவர். உடுப்பு, ஷூ, பெல்ட் எல்லாவற்றையும் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டே கழற்ற வேண்டும். கூச்சப்பட்டு ஓரமாகப் போய்க் கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். குறைந்தது 15 நிமிடம், முடிந்தால் இன்னும் அதிக நேரம் ஓடும் தண்ணீர். தோலில் சோடாவோ காரமோ தடவாதீர்கள். கண்ணில் பட்டால் இமையை விரித்துப் பிடிக்க இன்னொருவர் வேண்டும், தானாகத் திறந்து வைத்திருக்க முடியாது.

காயம் சின்னதாக இருக்கிறது என்று ஷிஃப்டுக்குத் திரும்ப விடாதீர்கள். குளோரோஅசெட்டிக் அமிலம் உள்ளே போயிருந்தால் வாந்தி, குழப்பம், வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு எல்லாம் சில மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும். ஆவியை இழுத்தவருக்கும் அப்படித்தான்: இருமல் அடங்கி வீட்டுக்குப் போன பிறகு நுரையீரலில் நீர் கோக்கலாம். ஆகவே மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்கணும். அங்கே "ஆசிட் பட்டுவிட்டது" என்று சொன்னால் சாதாரணத் தீக்காயம் போல மருந்து போட்டு அனுப்பிவிடுவார்கள். "குளோரோஅசெட்டைல் குளோரைடு, உடம்பில் குளோரோஅசெட்டிக் அமிலமாக மாறும்" என்று சொல்லி எஸ்.டி.எஸ். தாளைக் கையில் கொடுங்கள். எங்கள் அறையில் அதன் நகல் ஒன்று ஸ்ட்ரெச்சரிலேயே கட்டியிருக்கும்.

---

கிலோலேப்_புதுசு எழுதியது:

மிக்க நன்றி. சூப்பர்வைசரிடம் பேசி வேலையைக் கிளவுஸ் வரும்வரை தள்ளி வைத்திருக்கிறேன். முகம் சுளித்தார், ஆனால் 25,000-க்கும் 0.05-க்கும் உள்ள கணக்கைக் காட்டியதும் சரி என்றார். இன்னும் ஒன்று: குளோரைடு முழுவதும் வினைபுரிந்து அமைடு பொடியாகிவிட்டால் ஆபத்து முடிந்ததா? உலர்த்தியிலிருந்து எடுக்கும்போது பிளாஸ்டிக் கரண்டியால் அள்ளி பையில் போடுகிறார்கள்.

---

பழைய_ரியாக்டர் எழுதியது:

ஆபத்து முடியவில்லை, ஆள் மாறியிருக்கிறது. அந்தப் பொடியிலும் கார்பனைலுக்குப் பக்கத்தில் குளோரின் அப்படியே நிற்கிறது. அடுத்த படியில் டைஎத்தில்அமீன் வந்து பிடிப்பதே அந்த இடத்தைத்தான். உங்கள் தோலில் உள்ள புரதமும் அதைப் பிடிக்கும். இந்தக் குடும்பத்தில் எளிய உறுப்பினரான குளோரோஅசெட்டமைடு தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அப்புறம் துளித் தூசிக்கும் கை தடிக்கும், அந்த ஆளை வேறு வரிசைக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

தொடக்கப் பொருளையும் மறந்துவிடாதீர்கள். 2,6-டைமெத்தில்அனிலின் தோல் வழியே இறங்கும், உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனமான ஐ.ஏ.ஆர்.சி. அதை 2பி பிரிவில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று வைத்திருக்கிறது. அமைடை வடிகட்டிய பின் மிஞ்சும் தாய்த்திரவத்தில் அது மிச்சம் இருக்கும். எல்லோரும் குளோரைடைப் பார்த்துப் பயந்துவிட்டு அந்த வாளியை வெறுங்கையால் தூக்குவார்கள்.

கரண்டி வேலையை விட்டுவிடுங்கள். அடுத்த படிக்கு உலர்ந்த பொடிதான் தேவையா என்று முதலில் கேளுங்கள். கரைப்பானில் கரைத்து அப்படியே அடுத்த ரியாக்டருக்குத் தள்ள முடிந்தால் தூசி என்ற பேச்சே இல்லை. உலர்த்தியே ஆகவேண்டும் என்றால் உலர்த்தியின் வாயில் நேரே பையைக் கட்டி இறக்குங்கள், உறிஞ்சலுக்கு அடியில், நுண்தூசியைத் தடுக்கும் பி3 ஃபில்டர் போட்ட முகமூடியோடு. உடுப்பைப் பிளான்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.