படிவத்தில் கையெழுத்தை மேலே வைத்தால் பொய் குறையுமா?

வெள்ளவத்தைவாசி:
எங்கள் கந்தோரில் விற்பனைப் பிரிவுக்கு மீற்றர் கணக்கைப் பார்த்துத்தான் பெற்றோல் காசு. போன கிழமை பயிற்சி நடத்த வந்தவர், "படிவத்தின் அடியில் இருக்கும் உறுதிமொழியையும் கையெழுத்தையும் மேலே கொண்டுபோங்கள், பொய்க் கணக்கு குறையும், 2012இல் அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்கள்" என்றார். மெனேஜர் புதுப் படிவம் அச்சடிக்கச் சொல்லிவிட்டார். இது உண்மைதானா?

ஐந்தொகை:
அச்சடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். அவர் சொன்ன 2012 ஆய்வுக் கட்டுரையை 2021இல் அதை வெளியிட்ட சஞ்சிகையே மீளப்பெற்றுவிட்டது. அதில் முக்கியமான ஆதாரம், ஒரு காப்புறுதிக் கம்பனியின் வாடிக்கையாளர்கள் இரண்டு தடவை அறிவித்த கார் மீற்றர் எண்கள். 'டேட்டா கொலாடா' வலைப்பதிவை நடத்தும் மூன்று ஆய்வாளர்கள் அந்தக் கோப்பை விரித்துக் காட்டினார்கள். இரண்டுக்கும் இடையில் ஓடிய தூரம் பூச்சியத்திலிருந்து 50,000 மைல் வரை சமமாகப் பரவியிருக்கிறது, அதற்கு மேல் ஒருவரும் இல்லை. 500 மைல் ஓடினவர்களும் 40,000 மைல் ஓடினவர்களும் ஒரே அளவில் இருக்கிற ஊர் எங்கே இருக்கிறது? ஆட்கள் தாமாக எழுதித் தரும் எண்கள் 000 என்று முடிவது வழக்கம். முதல் வாசிப்பில் அப்படி நிறைய இருந்தன, இரண்டாவதில் காணோம். கணக்காய்வில் இருக்கிறேன், எனக்கு வரும் பயணக் கணக்குகளும் 50, 100 என்றுதான் முடியும். நேர்மை ஆய்விலேயே கள்ளக் கணக்கு! இந்தத் துறையை எப்படி நம்புவது?

தெஹிவளை_நிலா:
அண்ணா, துறையையே தூக்கி எறிவது அதிகம். பிடித்தவர்களும் அதே துறைக்காரர்கள். அதற்கு முன்பே, 2020இல், மூல ஆசிரியர்களே திரும்பச் செய்து பார்த்து, மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் வித்தியாசமில்லை என்று அதே சஞ்சிகையில் எழுதினார்கள். அப்போது பழைய தரவையும் வெளியிட்டபடியால்தான் இந்தக் கள்ளமே வெளியில் வந்தது.

ஐந்தொகை:
திரும்பச் செய்து பார்க்கவே எட்டு வருஷம் பிடித்ததே தங்கச்சி! யார் செய்தது என்றும் முடிவில்லை. ஆசிரியர்களில் ஒருவரான டேன் ஆரியலி தான் இல்லை என்கிறார், கம்பனியோ தாங்கள் கொடுத்த தரவு இதுவல்ல என்கிறது. அதே கட்டுரையின் இன்னொரு பரிசோதனை பற்றியும் 2023இல் குற்றச்சாட்டு வந்தது. கட்டுரையின் இன்னோர் ஆசிரியரான பிரான்செஸ்கா ஜீனோ மறுத்தார், 2025இல் ஹாவர்ட் அவருடைய நிரந்தரப் பதவியைப் பறித்தது. பத்துக் கட்டளைகளை நினைவுபடுத்தினால் ஏமாற்றுவது குறையும் என்ற 2008 ஆய்வு இருக்கிறதே, அதையும் 2018இல் பல ஆய்வுகூடங்கள் சேர்ந்து செய்து பார்த்தன. குறையவில்லை.

மோதரைப்_பெடியன்:
100ஆம் இலக்க பஸ்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறினால் மிச்சக் காசு வருமா?

தெஹிவளை_நிலா:
பெடியன் 😄

சின்னத் தந்திரத்தால் ஆளைத் திருத்தலாம் என்ற ஆய்வுகள் விழுந்தன, ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் அந்த வகை இல்லை. 2019இல் வந்த பணப்பை ஆய்வைப் பாருங்கள்: 40 நாடு, 355 நகரம், 17,000க்கு மேற்பட்ட பைகள். ஹோட்டல், வங்கி, தபாற்கந்தோர் மேசைகளில் "வழியில் கிடந்தது" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள். காசில்லாத பைகளில் 40 சதவீதத்துக்குத்தான் உரிமையாளருக்குத் தகவல் போனது, காசிருந்த பைகளில் 51. சாதாரண ஆட்கள் மறுபக்கமாகத்தான் எதிர்பார்த்தார்கள், நிபுணர்களும் இதைச் சரியாகக் கணிக்கவில்லை.

ஐந்தொகை:
தகவல் என்றால் மின்னஞ்சல். புறக்கோட்டையில் ஒரு கடையில் பையைக் கொடுத்தால் முதலாளி லாச்சிக்குள் போட்டு வைப்பார், தேடி வந்தால் எடுத்துத் தருவார். மின்னஞ்சல் அனுப்பமாட்டார். அவர் கள்ளனா?

தெஹிவளை_நிலா:
நல்ல கேள்வி. ஆனால் அது எந்த நாடு நேர்மையானது என்று வரிசைப்படுத்துவதைத்தான் உடைக்கும். லாச்சிக்குள் போடுகிற முதலாளி காசுள்ள பையையும் காசில்லாத பையையும் அதே லாச்சிக்குள்தானே போடுவார்? அப்படியென்றால் இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

வெள்ளவத்தைவாசி:
பணப்பை இருக்கட்டும். திங்கட்கிழமை மெனேஜருக்கு என்ன சொல்ல?

ஐந்தொகை:
கையெழுத்து எங்கேயும் இருக்கட்டும். காலையிலும் மாலையிலும் மீற்றரை ஃபோனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

தெஹிவளை_நிலா:
படம் நல்லது. அதற்கு முன் மூன்று மாதம் பாதிப் பேருக்குப் பழைய படிவம், பாதிப் பேருக்குப் புதுப் படிவம், சீட்டுக் குலுக்கிக் கொடுத்துப் பாருங்களேன். வித்தியாசம் வராது என்று நானே பந்தயம் கட்டுகிறேன்.

ஐந்தொகை:
கட்டலாம். எண்களைப் பதியும் கோப்பு யாரிடம் இருக்கும்? விற்பனைப் பிரிவிடம் என்றால் நான் வரமாட்டேன்.