முன் பம்பர் கிழிஞ்சிடுச்சு, ஒட்டலாமா மாத்தலாமா?

வணக்கம் மக்களே. போன வாரம் நீடாமங்கலம் பக்கம், வாய்க்கால் கரை ரோட்டுல எதிர்ல வைக்கோல் ஏத்துன டிராக்டர். வழி விடலாம்னு ஒதுங்குனேன், மதகுக் கட்டைச் சுவர்ல கார் பம்பரோட இடது மூலை உரசிடுச்சு. ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். கிளிப் மாட்டுற காது ரெண்டும் உடைஞ்சு, வண்டி ஓடும்போது கடகடன்னு ஆடுது.

வீட்டுல இருந்த எபாக்ஸி பசையைத் தடவிப் பார்த்தேன். மறுநாள் காலைல அப்பளம் மாதிரி உரிஞ்சு வந்துடுச்சு! அப்புறம்தான் உள்பக்கம் பார்த்தா பிபி+இபிடிஎம்னு அச்சு இருக்கு, அதாவது பாலிபுரொப்பிலீனோட ரப்பர் கலந்த பிளாஸ்டிக். பாலிபுரொப்பிலீன்ல சாதாரணப் பசை பிடிக்காதாமே. அதே பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் வைக்கணும், உள்பக்கம் கம்பி பின்னைச் சூடாக்கிப் பதிக்கணும்ங்கிறார் நம்ம மெக்கானிக் தம்பி. அவர்கிட்ட அந்தக் கருவி இல்ல. ஷோரூம்லயோ மாத்துறதைத் தவிர வேற பேச்சே இல்ல.

கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் இந்த வேலையைச் சுத்தமா செய்யுற பட்டறை எது? பெயிண்ட்டுக்கு முன்னாடி பிளாஸ்டிக் பிரைமர் அடிக்கிறவங்களா இருக்கணும், இல்லன்னா செதில் செதிலா உரியும். வண்டி முத்து வெள்ளை, கலர் ஒத்து வர்றதுதான் பெரிய கவலை. இன்சூரன்ஸ்ல போட்டா நோ கிளைம் போனஸ் (கிளைம் பண்ணாம இருந்தா பிரீமியத்துல கிடைக்கிற தள்ளுபடி) போயிடும். கைக்காசுல செஞ்சவங்க எவ்வளவு ஆச்சுன்னும் சொல்லுங்க.