குழந்தைகளோடு காதலர் தினத்துக்குக் காகித ஹார்ட் செய்த அனுபவம்

பிப்ரவரி 14 வருவதற்கு முந்தைய வாரம் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்கக் கலர் பேப்பர்தான். என் பிள்ளைகள், அவர்களுடைய நண்பர்கள் என நான்கு வயதிலிருந்து பத்து வயது வரை ஒரு கூட்டம் வட்டமாக உட்கார்ந்துவிடும். சுவரில் தொங்குவது எல்லாமே அவர்கள் கையால் வெட்டியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

எப்போதும் மடித்து வெட்டும் ஹார்ட்டில்தான் தொடங்குவோம். தாளை இரண்டாக மடித்து, மடிப்பை ஒட்டிப் பாதி ஹார்ட் வரைந்து வெட்ட வேண்டும். விரித்ததும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வருவதைப் பார்த்துச் சின்னவர்கள் போடும் சத்தம் இருக்கிறதே! மடிப்பு இல்லாத பக்கம் வரைந்துவிட்டால் தனித்தனியாக இரண்டு துண்டுகள்தான் கிடைக்கும். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் புதுத் தாளை மடித்து, மடிப்பு எந்தப் பக்கம் என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு வரைந்தாள். அதனால்தான் முன்கூட்டியே வெட்டிவைத்த ஹார்ட்டுகளைப் பிள்ளைகளிடம் கொடுத்து ஒட்ட மட்டும் சொல்வதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். யோசிக்க வேண்டிய இடத்தையே அவர்களிடமிருந்து பறித்துக்கொள்கிறோம்.

வளைவாக வெட்டத் திணறும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன்: கத்தரிக்கோலைத் திருப்பாதே, தாளைத் திருப்பு. கட்டைவிரல் மேலே இருக்கட்டும், மற்றக் கை தாளைச் சுற்றிக் கொண்டுவரட்டும். முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும்.

ஒரு பையனுக்கு மட்டும் இது உதவவில்லை. அவன் வெட்டினால் தாள் கத்தரியின் இரண்டு அலகுக்கும் நடுவில் மடங்கிப் போகும். 'எனக்கு வெட்ட வராது' என்று ஒதுங்கி உட்கார்ந்துவிட்டான். பிறகுதான் கவனித்தேன், அவனுக்கு இடது கைப் பழக்கம். சாதாரணக் கத்தரிக்கோலை இடது கையில் பிடித்தால் மேல் அலகு வெட்டும் கோட்டை மறைத்துவிடும். விரல்கள் தரும் அழுத்தமும் அலகுகளை நெருக்காமல் விலக்கும். பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை, கருவிதான் அவன் கைக்கு ஏற்றதாக இல்லை. அலகுகள் மாற்றிப் பொருத்திய இடது கைக் கத்தரி ஒன்றை வாங்கிக் கொடுத்தோம். அன்று அவன் வெட்டிக் குவித்ததைத் தொங்கவிடச் சுவரில் இடம் போதவில்லை. பிள்ளைகளோடு கைவேலை செய்கிறவர்கள் இப்படி ஒரு கத்தரியை எப்போதும் வைத்திருங்கள்.

நான்கு வயதுக்காரர்களுக்கு வளைவெல்லாம் வேண்டாம். 2 செ.மீ. அகலத்தில் நீளமான பட்டைகளை நேராக வெட்டச் சொல்லுங்கள். பட்டையை நடுவில் மடித்து, இரண்டு நுனிகளையும் உள்பக்கமாக வளைத்துச் சேர்த்து ஸ்டேப்ளர் அடித்தால் ஹார்ட் தயார். ஸ்டேப்ளர் பெரியவர் கையில் இருக்கட்டும். நூலில் கோத்தால் தோரணம்.

எட்டு வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு நான் வைத்திருப்பது பின்னல் ஹார்ட். டென்மார்க்கில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடும் அலங்காரம் இது. கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860 வாக்கில் செய்த ஒன்று இன்னும் பாதுகாக்கப்படுகிறது என்று சொன்னதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சிவப்பில் ஒன்று, வெள்ளையில் ஒன்று என 8 செ.மீ. அகலமும் 24 செ.மீ. நீளமும் உள்ள இரண்டு தாள்களைத் தனித்தனியே பாதியாக மடித்து, திறந்த முனையை அரைவட்டமாக வெட்ட வேண்டும். மடிப்புப் பக்கத்திலிருந்து 8 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக இரண்டு கீறல்கள் வெட்டினால் மூன்று பட்டைகள் வரும். இரண்டு தாள்களையும் குறுக்கே வைத்துப் பின்னும்போது சிவப்புப் பட்டை வெள்ளைப் பட்டையின் உள்ளே புகும், அடுத்ததில் வெள்ளை சிவப்பின் உள்ளே வரும். நெய்வதைப் போல மேலே கீழே என்று விட்டால் கடைசியில் பை மாதிரித் திறக்காது. இதில் கோபமும் வரும், கண்ணீரும் வரும். உதவி கேட்டால் மட்டும் ஒரு பட்டையைப் போட்டுக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். முடித்ததும் அந்தப் பிள்ளையே அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும்.

பசையைப் பொறுத்தவரை, மெல்லிய தாளுக்கு நீர்ப்பசை வேண்டாம், ஈரத்தில் சுருங்கிவிடும். பசைக்குச்சி போதும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். தாத்தா, வகுப்புத் தோழி, புதிதாகப் பிறந்த தம்பி என்று பட்டியல் நீளும். ஒரு பையன் தன் பின்னல் ஹார்ட்டைப் பள்ளி வண்டி ஓட்டுநருக்கென்று எடுத்துவைத்தான். உள்ளே மூன்று மிட்டாய்களும் 'நான் வர்ற வரைக்கும் நிக்கிறதுக்கு நன்றி' என்ற சீட்டும். அந்த வாக்கியத்தை நான் திருத்தவில்லை.

தோரணத்தை ஜன்னல் வெயில் நேராகப் படாத சுவரில் கட்டுங்கள். கலர் பேப்பர் வெயிலில் சீக்கிரம் வெளுத்துவிடும்.