அப்பா கணக்கில் ஏறும் மேற்கோள்கள்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் இருந்து எழுதுகிறேன். தாமிரபரணிப் பாசனக் குளங்களின் வரலாற்றையும் நீர்த் தரத்தையும் சேர்த்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். நெறியாளர் வேதியியல், இணை நெறியாளர் வரலாறு.

சிக்கல் என் பெயரில்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? முதல் கட்டுரை அனுப்பியபோது, 'கடைசிப் பெயர்' இல்லாமல் படிவம் நகரவே இல்லை. அப்பா பெயரைப் போட்டேன். இரண்டாவது கட்டுரையில் வெறும் தலைப்பெழுத்து. இப்போது ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரில் நான் இரண்டு ஆள். முதல் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவர்கள் எல்லாரும் அப்பா பெயரைத்தான் எழுதுகிறார்கள். ஒன்பதாம் வகுப்போடு வயலுக்குப் போன மனிதர். விஷயத்தைச் சொன்னதும் ஒரே சிரிப்பு.

ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் (ORCID) 16 இலக்க எண் எடுத்துவிட்டேன். இனி வருவதற்குச் சரி. ஸ்கோப்பஸ் (Scopus) என்ற கட்டுரைத் தரவுத்தளத்தில் என் பெயரில் உள்ள பழைய இரண்டு பதிவுகளை ஒன்றாக இணைக்க விண்ணப்பித்தவர்கள் யாராவது உண்டா? எவ்வளவு நாள் ஆனது?

அப்புறம் இன்னொன்று. வேதியியல் கட்டுரைகளின் ஆசிரியர் வரிசையில் பாடுபட்டவர் பெயர் முதலிலும் ஆய்வகத் தலைவர் பெயர் கடைசியிலும் வருவது வழக்கம். வரலாற்று ஐயாவுக்குக் கடைசி இடம் என்றால் மரியாதைக் குறைவாகப் படுகிறது. அவரையும் குறை சொல்ல முடியாது. மேற்கோள் முறையிலும் இதே இழுபறி: ஒருவர் அடைப்புக்குறிக்குள் எண் மட்டும் போதும் என்கிறார், மற்றவர் அடிக்குறிப்பு கேட்கிறார். மடைக் கல்வெட்டுக்கு ஆண்டு, எண், ஊர் மூன்றும் வேண்டுமே, வெறும் எண்ணில் எப்படி அடங்கும்? மேற்கோள்களைத் தொகுக்கும் சொடேரோ (Zotero) மென்பொருளில் இரண்டையும் கலந்து செய்தவர்கள் இருந்தால், உங்கள் கோப்பின் ஒரு பக்கத்தை மட்டும் படம் பிடித்துப் போடுங்கள்.