குறும்புக் காதலன் வந்ததும் நாயகி காணாமல் போகிறாளே?

சிம்மக்கல்: நான் எழுதுற நாவலின் நாயகி மதுரை விளக்குத்தூண் ஜவுளிக்கடையில் கணக்கெழுதுபவள். ஒருத்தன் வந்து சமணர் மலை ஏற வைக்கிறான், நடுராத்திரி ஜிகர்தண்டா வாங்கித் தர்றான், வாழ்க்கையே மாறுது. நாவலைப் படித்துப் பார்த்தவர்கள் "அவன் ஆளாவே இல்லை" என்கிறார்கள். எங்கே சரிசெய்ய?

யானைமலை: அவனுக்கு என்ன வேலை? வாடகை யார் கட்டுறது? அம்மாகிட்ட பேசுறானா? மூணுக்கும் பதில் இல்லேன்னா அவன் திருவிழா பொம்மைதான். இந்த வார்ப்பின் பெண் வடிவத்துக்கு, அதாவது நாயகன் வாழ்க்கையை மாத்துறதுக்காகவே வர்ற குறும்புக்காரப் பெண்ணுக்கு, 2007இல் விமர்சகர் நேதன் ராபின் ‘மேனிக் பிக்ஸி ட்ரீம் கேர்ள்’ என்று பேர் வைத்தார். 2014இல் அவரே அதற்கு மன்னிப்பும் கேட்டார். ஆணுக்கும் நோய் அதேதான்.

வைகைக்கரை: அவன் இல்லாத அத்தியாயங்களில் அவள் ஏதாவது முடிவெடுக்கிறாளா? மலையேறும் யோசனை அவளுடையதாகட்டும். அவன் பாதிப் படியில் மூச்சுவாங்கி உட்காரட்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் அவன் ஏதோ கேட்கணும், அவள் மறுக்கணும். அப்போது அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் ஆள் தெரிவான். மறுத்த பிறகும் பின்னாலேயே சுற்றுவதைக் குறும்பு என்று எழுதிவிடாதீர்கள், அது தொல்லை.

சிம்மக்கல்: வாடகைக்கே பதில் இல்லை. அங்கிருந்து தொடங்குறேன்.

யானைமலை: அப்புறம், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் சந்திக்க வைக்காதீங்க. எல்லாரும் அதையேதான் எழுதுறாங்க.