குண்டு துளைக்கவில்லை, முதுகு புடைத்தது: சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

வாணலி, மண்வெட்டி, கலப்பை இரும்பு மாதிரியான சாமான்கள் துப்பாக்கிக் குண்டைத் தாங்குமா என்று ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'புல்லட் புரூஃப்' என்பதற்குக் 'குண்டு துளைக்காத' ஊன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். சிக்கல் 'பேக்ஃபேஸ் டிஃபார்மேஷன்'. குண்டு கவசத்தைத் துளைக்காது. ஆனால் கவசம் பின்பக்கம் பிதுங்கி விலா எலும்பை முறித்துவிடலாம். 'பின்முக உருக்குலைவு' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் முகத்தில் ஏதோ நோய் வந்த மாதிரி இருக்கிறது.

———

> பின்முக உருக்குலைவு

வேண்டாம் ஐயா. பாத்திரக் கடையில் ஒடுக்கெடுப்பவரைக் கேளுங்கள். எவர்சில்வர் குடம் கீழே விழுந்தால் வெளியே ஒடுக்கு. உள்ளே கைவிட்டுத் தடவினால் தட்டுப்படுவது புடைப்பு. ஒரே தகடு, இரண்டு பக்கம், இரண்டு சொல். 'முதுகுப் புடைப்பு' என்று வையுங்கள். புடைப்புச் சிற்பம் என்று ஏற்கெனவே சொல்கிறோமே.

கலப்பை இரும்பு என்றதால் கொள்ளைக்காரர் நெட் கெல்லியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 1880 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கிளென்ரோவனில் அவர் போட்டிருந்த கவசம், கலப்பையில் மண்ணைப் புரட்டும் பலகைகளைக் காய்ச்சி அடித்தது. தடிமன் சுமார் 6 மி.மீ. போலீஸ் குண்டுகள் அதில் ஒடுக்குதான் போட்டன. ஆளைச் சாய்த்தது, கவசம் மறைக்காத கால்களில் பட்ட காயம்.

———

அண்ணா, புடைப்புக்கு என் ஓட்டு. ஒடுக்கு மட்டும் இடிக்கிறது. கெவ்லார் என்ற செயற்கை இழையில் நெய்த குண்டு துளைக்காத அங்கி துணி, அதில் ஒடுக்கு விழாது.

இன்னொன்று. சோதனையில் அளப்பது புடைப்பை அல்ல. அமெரிக்காவின் என்.ஐ.ஜே. (தேசிய நீதி நிறுவனம்) தரத்தில் அங்கிக்குப் பின்னால் களிமண்ணை வைத்துச் சுடுகிறார்கள். அதில் விழும் குழியின் ஆழம் 44 மி.மீ.யைத் தாண்டினால், குண்டு உள்ளே நுழையாவிட்டாலும் அங்கி தேறாது. இந்தக் குழிக்கு ஆங்கிலத்தில் 'பேக்ஃபேஸ் சிக்னேச்சர்' என்று பெயர். யாராவது 'பின்முகக் கையொப்பம்' என்று கிளம்புவதற்குள், 'களிக்குழி'?

———

களிக்குழி என்றதும் கேழ்வரகுக் களியில் விரலால் பள்ளம் பறித்துக் குழம்பு ஊற்றுவதுதான் ஞாபகம் வருகிறது அம்மா. பசிக்கிறது. 'பதிகுழி' என்று மாற்றிக்கொள்கிறேன். களிமண்ணுக்குப் பதில் நாளை வேறு பொருள் வந்தாலும் நிற்கும். முதுகுப் புடைப்பு அப்படியே இருக்கட்டும்.

ஒன்று பாக்கி. 1912 அக்டோபரில் மில்வாக்கியில் அமெரிக்காவின் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டைச் சுட்டார்கள். சட்டைப்பையில் இருந்த இரும்புக் கண்ணாடிக்கூட்டையும் மடித்த 50 பக்க உரையையும் துளைத்த குண்டு மார்பில் தங்கிவிட்டது. மனிதர் மேடையேறிப் பேசி முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். குண்டைக் கடைசிவரை எடுக்கவில்லை. கூடு தடுத்தது என்றால் பொய், துளைபட்டது என்றால் பாதி உண்மை. அட்டவணையில் 'துளைத்தது', 'துளைக்கவில்லை' இரண்டுக்கும் நடுவே 'தணிந்தது' என்று ஒரு கட்டம் போடுகிறேன். மறுப்பு இருந்தால் திங்களுக்குள் எழுதுங்கள், அச்சுக்குப் போகிறது.