மீட்டர் 480 காட்டுகிறது, மகள் பல்லில் பழுப்புக் கோடு: போர் தண்ணீரில் என்ன டெஸ்ட் எடுக்க வேண்டும்?

பென்னாகரம்_மாப்பிள்ளை:
வணக்கம். பென்னாகரத்துக்குப் பக்கத்தில் மாமனார் கொடுத்த இடத்தில் வீடு கட்டி ஏழு வருடம் ஆகிறது. 560 அடி போர். தண்ணீர் கல்கண்டு மாதிரி இருக்கும். இந்தத் தண்ணியில் டீ தனி ருசி என்று விருந்தாளிகளே சொல்வார்கள்.

போன மாதம் மகளுக்குப் பல் வலி. எட்டு வயது. சேலத்தில் காட்டினோம். டாக்டர் வலிக்கிற கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே, "தருமபுரிப் பக்கமா?" என்று கேட்டார். முன்பல் இரண்டிலும் மெல்லிய பழுப்புக் கோடு. ஒழுங்காகப் பல் தேய்ப்பதில்லை என்று இத்தனை நாள் அவளைத் திட்டிக்கொண்டிருந்தவன் நான்.

ஆர்ஓ விற்கிறவரைக் கூப்பிட்டேன். மீட்டரை விட்டுப் பார்த்தார், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த மொத்த உப்பு) 480. 500-க்குள் இருந்தால் நல்ல தண்ணீர்தானே என்றேன். உடனே இரண்டு டம்ளர் எடுத்து, ஒன்றில் எங்கள் தண்ணீர், இன்னொன்றில் கேன் தண்ணீர் ஊற்றி, கரண்டுக் கம்பி விட்டார். எங்கள் டம்ளர் ஒரு நிமிடத்தில் சாக்கடை நிறம். மனைவி பயந்துவிட்டாள். மீட்டரை நம்புவதா, டம்ளரை நம்புவதா?

ஓசூர்_குமார்:
நல்லா காய்ச்சி ஆறவைத்துக் குடிங்க ப்ரோ. நம்ம பாட்டி காலத்தில் ஏது டெஸ்ட்?

ஓய்வுபெற்ற_லேப்காரர்:
குமார் தம்பி, காய்ச்சினால் கிருமி சாகும். பல்லில் இப்படிப் பழுப்புக் கோடு போடுகிற ஃபுளோரைடு சாகாது. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், அதனால் மிச்சத்தில் ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். பாட்டி காலத்தில் நாற்பது அடிக் கிணறு. இவர் குடிப்பது 560 அடியில் பாறை இடுக்கில் கிடந்த தண்ணீர்.

மாப்பிள்ளை, மீட்டரையும் நம்ப வேண்டாம், டம்ளரையும் நம்ப வேண்டாம். அந்தக் கம்பியில் ஒன்று இரும்பு. கரண்டு பாய்ந்ததும் அந்த இரும்பே கரைந்து துருவாகப் படிகிறது. கேன் தண்ணீரில் உப்பு குறைவு, கரண்டு சரியாகப் பாயாது, அதனால் தெளிவாக நிற்கிறது. அதிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுச் செய்யச் சொல்லுங்கள், சாக்கடை வரும். மீட்டர் காட்டுவது மொத்த உப்பை. 480-க்குள் ஃபுளோரைடு அரை மில்லிகிராமா, மூன்று மில்லிகிராமா என்று அதற்குத் தெரியாது. இந்திய தர நிர்ணயப்படி ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி. வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை. நம் பக்கத்துப் பாறையிலேயே அது இருக்கிறது. கால்சியம் குறைந்து காரம் கூடிய தண்ணீர் அதை நன்றாகக் கரைக்கும். அது வாய்க்கும் மிருதுவாக இருக்கும், அதுதான் சிக்கல்.

குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்துக்குக் கொண்டு போங்கள். கட்டணம் வாங்கிக்கொண்டு தனியார் தண்ணீரையும் பார்ப்பார்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விட்டு, டேங்கில் ஏறுவதற்கு முன் உள்ள குழாயில் பிடியுங்கள். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் கேன் போதும், கண்ணாடி வேண்டாம், ஃபுளோரைடு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, கழுத்துவரை நிரப்பி, அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். கிருமி டெஸ்ட்டுக்கு மட்டும் தனிப் பாட்டில், அதை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டும். நான் இருந்தபோது எண்ணெய் வாசனை அடிக்கிற கேனில் பிடித்துவந்து, ரிப்போர்ட் சரியில்லை என்று சண்டை போட்டவர்களும் உண்டு.

வாணியம்பாடி_வாசகி:
எங்கள் ஊர் கதை வேறு, அண்ணா. தோல் பதனிடும் ஷாப்புக் கழிவு நிலத்தடியில் இறங்கிய பகுதி. 1996-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லியும் இன்னும் கிணற்றடியில் அதே பேச்சுதான். நாங்கள் "குடிக்கலாமா பாருங்கள்" என்று பொதுவாகக் கொடுத்தோம், உப்பு, குளோரைடு, கடினத்தன்மை மட்டும் பார்த்துக் கொடுத்தார்கள். தோல் பதனிடப் பயன்படுகிற குரோமியத்தைப் பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேட்டு, அமிலம் விட்ட பாட்டிலில் மறுபடி பிடித்தோம். அமிலம் இல்லாவிட்டால் உலோகம் பாட்டில் சுவரில் படிந்துவிடுமாம். உங்கள் ஊரில் என்ன பயமோ அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

பென்னாகரம்_மாப்பிள்ளை:
ரிப்போர்ட் வந்துவிட்டது. போர்: ஃபுளோரைடு 2.8. டிடிஎஸ் 471, மீட்டர் பொய் சொல்லவில்லை. மாமனார் தோட்டத்துக் கிணற்றிலும் ஒரு கேன் கொடுத்திருந்தேன். ஃபுளோரைடு 0.7, நைட்ரேட் 16. 45 வரை பரவாயில்லை என்று படித்தேன். அப்படியானால் கிணற்றுத் தண்ணீரையே குடிக்கலாம்தானே, ஐயா?

ஓய்வுபெற்ற_லேப்காரர்:
அவசரப்படாதீர்கள். 16-க்குப் பக்கத்தில் "நைட்ரஜனாக" என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

பென்னாகரம்_மாப்பிள்ளை:
ஆமாம் ஐயா, சின்ன எழுத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற_லேப்காரர்:
அப்படியென்றால் அது நைட்ரேட்டில் உள்ள நைட்ரஜனின் எடை மட்டும். 45 என்பது முழு நைட்ரேட்டுக்கு. 4.43-ஆல் பெருக்குங்கள். நைட்ரேட்டாக 71 வருகிறது, 45-ஐத் தாண்டிவிட்டது. கிணற்றுக்குப் பக்கத்தில் மாட்டுக் கொட்டகை, யூரியா போடுகிற வயல் ஏதாவது இருக்கும். கைக்குழந்தைக்குப் பால் கலக்க அந்தத் தண்ணீர் ஆகவே ஆகாது. தெருவில் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வருகிறதா? 2013-இல் வந்த அந்தத் திட்டமே இந்த ஃபுளோரைடுக்காகத்தான். ஆனால் சில ஊர்களில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரையும் சேர்த்து ஏற்றுகிறார்கள். அதையும் ஒரு கேன் பிடித்துக் கொடுத்துப் பாருங்கள்.

பென்னாகரம்_மாப்பிள்ளை:
கொட்டகை கிணற்றுக்கு இருபது அடியில்தான் இருக்கிறது. மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறேன். தெருக்குழாய் இரண்டு நாளைக்கு ஒருமுறை வருகிறது, இதுவரை அதைச் செடிக்குத்தான் விட்டோம். அதைக் கொடுத்துப் பார்த்ததில் ஃபுளோரைடு 0.6, நைட்ரேட்டும் குறைவு. நான்கு குடம் தனியாக வாங்கி வைத்தாயிற்று, குடிக்கவும் சமைக்கவும் அதுதான். போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, செடிக்கு. டீ முன்போல இல்லை என்று மாமியார் சொல்கிறார்.

மகள் பல்லில் விழுந்த கோடு தானாகப் போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சின்னவனுக்கு இரண்டு வயது, இன்னும் பால் பல்தான்.